மண்மூடிப் பலா

"மண்ணுக்குள்ளயே பழுக்கிற பழத்த யாருப்பா சாப்பிடுவாங்க?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அலுவலகத்துப் பழைய பதிவேடு ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்த அவர், அதிலிருந்த ஒரே ஒரு வரியை அவளுக்குக் கதைபோல வாசித்துக் காட்டினார். "மண்மூடிப் பலா. ஒரு மரம். கிளையில் காய்க்காது, அடிமரத்தில் காய்க்காது. வேரில் மட்டும், மண்ணுக்குள். பழுத்தால் நிலம் வெடிக்கும், வாசம் வரும்." எழுதியவர் யார் என்று இல்லை, மரம் நின்ற இடமும் இல்லை.

"யாரும் இல்லம்மா. மண்ணுதான் சாப்பிடும்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பதில் போதும் என்றுதான் அன்று நினைத்தார்.

அதன்பின் ஆறு வருடம் அந்த வரியின் பின்னால் அலைந்தார். அவர் வேலை அது. பழப்பண்ணை அலுவலகத்தில் காணாமல் போன பழ வகைகளைத் தேடும் பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேசை, தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, அவர். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மூக்கு" என்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டுப் பத்துப் பழத்தை முன்னால் வைத்தாலும், எது எந்த மரத்தில் விளைந்தது என்று வாசத்திலேயே சொல்லிவிடுவார்.

அந்த மூக்கு அவரை இழுத்துப் போகாத இடம் இல்லை. ஒருவர் போனில் "சார், மண்ணுக்குள்ள பலா, ஓடி வாங்க" என்று கத்தினார். இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்தால், மழையில் மரத்திலிருந்து விழுந்த பழம் சேற்றில் புதைந்து கிடந்தது. "மண்ணுக்குள்ளதானே சார் இருக்கு?" என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். இன்னொருவர் காட்டியது பூசணிக்காய். ஒரு தடவை யாரோ அனுப்பிய படத்தை மட்டும் நம்பி அலுவலகக் குழுவுக்கு முன்னால் வைத்தார்; அது வெறும் வேர் முடிச்சு என்று தெரிந்ததும் அறை முழுக்கச் சிரித்தது.

இந்த வாரம் மேலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மூக்கு சார், ஆறு வருஷமா வாசம் பிடிச்சிக்கிட்டே இருக்கீங்க. இதுவரைக்கும் நமக்குத் தும்மல்தான் வந்திருக்கு. திங்கட்கிழமை குழு கூடுது. உங்க பிரிவ மூடிடலாம்ங்கிறாங்க."

"இன்னும் ஒரு பருவம் குடுங்க சார்."

"பருவமெல்லாம் பாத்தாச்சு. போட்டோ வேணாம், கதை வேணாம். பழம் மேசைக்கு வரணும். முழுப் பழம், முள்ளோட. இல்லன்னா திங்கட்கிழமை சாயங்காலம் அந்த மின்விசிறிய கணக்குப் பிரிவுக்குத் தூக்கிடுவாங்க. ஏற்கெனவே கேட்டுட்டாங்க."

அவர் தன் மேசைக்குத் திரும்பினார். எங்கோ ஒரு மரம் இருக்கிறது, இல்லாததை யாரும் அப்படி எழுதி வைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்ட முடியாதவனுடைய கோபம் பல்வலி மாதிரி. மற்றவர்களுக்கு அது தெரியாது, அவனைத் தூங்கவும் விடாது.

வியாழக்கிழமை ஒரு பெண் போனில் பேசினார். தையல்காரர். விதைக்கடைச் சுவரில் இவர் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாராம்.

"சார், எங்க வீட்டுத் தரை வருஷா வருஷம் வெடிக்குது. வாசமும் வருது. நீங்க தேடுறது அதுதானான்னு தெரியல."

*

அன்று மதியமே போனார். சந்தின் முனையில் திரும்பும்போதே வாசம் வந்துவிட்டது. அவர் நின்றுவிட்டார். மேலே தேன். அதன் கீழே நனைந்த மண். இந்த இரண்டும் எந்தப் பலாவுக்கும் உள்ளவைதான். மூன்றாவதாக அடியில் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் அவர் மூக்கிடம் பெயர் இல்லை. வாயைத் திறந்தபடி தூங்குகிற ஒருவருடைய மூச்சுக்கு மிக அருகில் குனிந்தால் வருமே ஒரு வெதுவெதுப்பு, அது போல.

தையல்காரம்மா வாசலிலேயே நின்றார். கழுத்தில் அளவு நாடா, விரலில் துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியின் நீலம். முன்னறை, சமையலறை, அதற்குப் பின்னால் தையல் அறை. சுவர் முழுக்கக் கை மட்டும் தைத்து முடிக்காத சட்டைகள் தொங்கின.

"மரம் எங்கம்மா?"

"நீங்க நிக்கிற இடத்துலதான் சார் இருந்துச்சு."

அவர் காலை நகர்த்தினார்.

"இந்த அறை கட்டுறதுக்காக வெட்டினோம். பதினோரு வருஷம் ஆச்சு. அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துட்டு சிமெண்ட் போட்டோம். அடுத்த வருஷமே தரை வெடிச்சிடுச்சு. கொத்தனார வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவர் தப்பு இல்ல."

இருவருமாகத் தையல் மெஷினைத் தள்ளினார்கள். அதன் அடியில் ஒரு தரை ஓடு மட்டும் சிமெண்ட் பூசாமல் சும்மா வைக்கப்பட்டிருந்தது. தையல்காரம்மா கத்தரியின் முனையால் நெம்பி எடுத்தார். உள்ளே மண் வெடித்திருந்தது. விரல்களால் விலக்கினார். குடத்தளவு ஒரு முதுகு தெரிந்தது. முள் மழுங்கி, தோல் பழுப்பேறி, காம்பு கட்டை விரல் தடிமனில் ஒரு வேரோடு சேர்ந்து இருட்டுக்குள் போனது.

ஆறு வருடம். அவருக்குக் கண் கலங்கியது. மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். பிறகு முழங்காலிட்டு, கையை உள்ளே விட்டு, பலாக்காரர்கள் செய்வது போல விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்தார். காய் என்றால் 'டக்' என்று இறுகிய சத்தம் வரும். கனியத் தொடங்கினால் சத்தத்தின் ஓரம் மழுங்கும். பழம் என்றால் 'தொம்' என்று குழைந்து வரும்.

டக். டக். டக்.

"இன்னும் மூணு நாலு நாள் ஆகும்" என்றார். மண்ணைத் திரும்ப மேலே தள்ளி மூடி, தூங்கும் பிள்ளையைத் தட்டுவது போல உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டினார். பழக்கம்.

அப்புறம்தான் இதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அவருக்கு உறைத்தது.

பின்கதவைத் திறந்து வெளியே போனார். துணி காயும் கொடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். சுவரின்மேல் எட்டிப் பார்த்தார். எங்கும் ஒரு பலா இலை இல்லை. வேரிலிருந்து கிளம்பிய ஒரு துளிர்கூட இல்லை. ஒட்டுக் கட்ட ஒரு குச்சி கிடைக்குமா என்று வந்தவருக்கு அது ஏமாற்றம்தான். ஆனால் முதுகில் லேசாகச் சில்லிட்டது அந்த ஏமாற்றத்தால் இல்லை. மரத்துக்குச் சமையலறை இலைதான். இலையில் வெந்தால்தான் வேருக்குச் சோறு. இலை போன மரத்தின் வேர் ஒரு வருடம் இழுத்துக்கொண்டு கிடக்கும், மிஞ்சினால் இரண்டு. இது பதினோரு வருடமாக இருட்டில் கிடந்து, குடம் குடமாக இனிப்புக் காய்க்கிறது.

யார் போடுகிறார்கள் இதற்குச் சோறு?

"நீங்க ஏதாவது ஊத்துறீங்களாம்மா? தண்ணி, உரம்?"

"சிமெண்ட் தரையில எங்க சார் ஊத்துறது? ஒரு சொட்டு ஊத்தினதில்ல."

"வருஷத்துக்கு எத்தனை காய்க்கும்?"

"அஞ்சு, ஆறு. ஒண்ண விட்டுட்டு மீதிய எடுத்துப்பேன். அக்கம்பக்கம் குடுப்பேன்."

"ஒண்ண ஏன் விடுறீங்க?"

தையல்காரம்மா மெஷினின் சக்கரத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றினார். "முத வருஷம் மறந்துபோய் ஒண்ணு விட்டுட்டேன். மறுநாள் பாத்தா காணோம். ஓடு வச்ச இடத்துல வச்சபடி இருக்கு. மண்ணு வழவழன்னு மெழுகின மாதிரி இருக்கு. சரி, அடியில யாருக்கோ பசி போலன்னு அப்புறம் வேணும்னே விட ஆரம்பிச்சேன்."

"யாருக்கு?"

"கேக்கலையே சார். கேட்டா பதில் வந்துடுமோன்னு பயம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "எலியோ பெருச்சாளியோ, என்னவா இருந்தா என்ன? எடுக்கிற கை ஒண்ண விட்டுட்டு எடுக்கணும். அவ்வளவுதானே."

"இந்த வருஷம் இது ஒண்ணுதான் தெரியுது."

"ஒண்ணே ஒண்ணுதான் சார் காய்ச்சிருக்கு. அப்ப அது நமக்கில்ல."

அவருக்குள் சுருக்கென்றது. திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னார். குழு, மேசை, முழுப் பழம் எல்லாம் சொன்னார். தையல்காரம்மா உண்மையான வருத்தத்தோடு கேட்டார். ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"அளவெடுங்க, படம் எடுங்க. நாளைக்கு நான் துணி குடுக்கப் போயிடுவேன். சாவி மஞ்சத் தொட்டிக்கு அடியில இருக்கும், திறந்துக்கோங்க. அளவு நாடா வேணும்னாலும் மெஷின் மேலயே இருக்கும். ஞாயித்துக்கிழமையும் காலைல கும்பிடப் போனா சாயங்காலம்தான் வருவேன், அப்பவும் வரலாம். பழத்த மட்டும் விட்டுடுங்க சார். பாவம்."

முன்பின் தெரியாத மனிதனிடம் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லுகிற மனது எத்தனை பேருக்கு உண்டு? அன்று இரவு அதை நினைத்தபோது அவருக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு எலிக்காக ஆறு வருட உழைப்பை விடுவதா?

*

வெள்ளிக்கிழமை அளவெடுக்கத்தான் போனார். இதை அவர் பின்னாலும் பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். கையில் நோட்டுப் புத்தகம், அளவு நாடா. ஆனால் தோள்பையில் ஒரு சாக்கும் இருந்தது. சாக்கை யாரும் அளவெடுக்க எடுத்துப் போவதில்லை.

பகல் பதினொரு மணி. வீடு அமைதியாக இருந்தது. கை மட்டும் தைக்காத சட்டைகள் காற்றே இல்லாமல் தொங்கின. மெஷினைத் தள்ளி, ஓட்டை எடுத்தார். மண்ணை விலக்கினார்.

நேற்று காம்பு வாசல் பக்கம் இருந்தது. இன்று சுவர்ப் பக்கம் இருந்தது.

பழம் சுற்றித் திருப்பப்பட்டிருந்தது. பலா பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள், ஒரு பக்கம் தட்டிவிட்டு மறுபக்கத்தைத் திருப்பி அதையும் தட்டுவார்கள். தையல்காரம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கத்தியில் எண்ணெய் தடவி, காம்பை அறுத்தார். பால் வழிந்தது. பலாப்பால்தான், பிசுபிசுவென்று வெள்ளையாக. ஆனால் விரலில் பட்டபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. அறுபட்ட வேரின் முனை, சூடு பட்ட விரலை ஒருவர் இழுத்துக்கொள்வது போல, மண்ணுக்குள் ஓர் அங்குலம் பின்வாங்கியது.

அவர் பழத்தைச் சாக்கில் போட்டார். குழியை மண்ணால் நிரப்பினார். தட்டாமலேயே ஓட்டை வைத்தார். சாவியை மஞ்சள் தொட்டிக்கு அடியில் வைத்தார்.

அன்று மாலை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தையல்காரம்மா.

"சார், பழம் போயிடுச்சு!" குரலில் அத்தனை சந்தோஷம். "இப்பதான் பாத்தேன். அது எடுத்துக்கிச்சு. ஒத்தப் பழமாச்சே, எடுத்துக்குமோ கோச்சுக்குமோன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். உங்களுக்குத்தான் கஷ்டம். நீங்க விட்டுக் குடுத்ததுக்கு உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கும் சார்."

அவர் "ம்" என்றார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

*

பழத்தைப் பொருட்கள் வைக்கும் சிறிய அறையில், பழைய செய்தித்தாள்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். அலுவலகத்துப் பழம், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"தொட மாட்டோம். ஆனா வாசம் மட்டும் வாடகை குடுக்காம வீடு பூரா குடியிருக்கு" என்றார் மனைவி.

சனிக்கிழமை காலை முதல் சத்தம் கேட்டது. அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து குழுவுக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். "கண்டறியப்பட்ட இடம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டக். டக். டக்.

மூன்று முறை. பிறகு நிசப்தம். குழாயில் காற்று என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைப் பக்கம் அதே மூன்று. மனைவி குக்கர் சத்தத்தில் கவனிக்கவில்லை. பிறகு மீண்டும் கூடம். இந்த முறை அவருடைய நாற்காலிக்கு நேர் கீழே. பாதங்களில் அந்த அதிர்வு தெரிந்தது. காலைத் தூக்கிக்கொண்டார்.

மகள் வீட்டுப்பாட நோட்டோடு வந்து நின்றாள். இப்போது அவளுக்குப் பதினொன்று.

"அப்பா, கீழ்வீட்டுல யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க."

"சரிம்மா, சொல்லுறேன்."

அவள் போன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அவர்கள் குடியிருப்பதே கீழ்வீட்டில். அதற்குக் கீழே சிமெண்ட். அதற்குக் கீழே மண்.

பகல் முழுதும் கேட்டது. கதவைத் தட்டுகிறவர் பதிலுக்குக் காத்திருப்பார். இது காத்திருக்கவில்லை. தட்டியது, அதன் பின் ஒரு சின்ன இடைவெளி, பிறகு நகர்ந்தது. அந்த இடைவெளியை அவருக்கு எங்கோ தெரியும். எங்கே? மதியச் சாப்பாட்டில் கையை வைத்தபோது சட்டென்று புரிந்தது. விரல் முட்டியால் தட்டிவிட்டு, காதைச் சாய்க்கிற இடைவெளி அது.

பார்க்கிறது.

காயா பழமா என்று பார்க்கிறது.

எழுந்து கை கழுவினார். சத்தத்தை இப்போது வேறு காதால் கேட்டார். தனக்குக் கீழே தட்டும்போது, டக். மனைவிக்குக் கீழே, டக். இறுகிய சத்தம். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஒருவிதமான நிம்மதியாகவும் இருந்தது. படித்த மனிதன், என்ன பைத்தியக்காரத்தனம்! இரண்டு நாள், இரண்டே நாள். திங்கட்கிழமை பழம் மேசைக்குப் போய்விடும். ஆறு வருடச் சிரிப்புக்கு ஒரு பதில். அதன்பிறகு என்னவோ ஆகட்டும்.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டார்.

"என்னங்க, இவளுக்கு உடம்பு லேசா சுடுது. மத்தியானம் படுத்தவ எழுந்திருக்கவே இல்ல."

மகள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலில் இருந்து தொங்கிய ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் குனிந்து நெற்றியைத் தொட்டார். சூடு அதிகம் இல்லை. வெதுவெதுப்பு. முடியை ஒதுக்கும்போது வாசம் வந்தது.

மேலே தேன். அதன் கீழே நனைந்த மண்.

பொருட்கள் அறை அந்தப் பக்கம். ஜன்னல் திறந்திருக்கிறது. காற்று இந்தப் பக்கம் வரவில்லை. வாசம் அங்கிருந்து வரவில்லை. அவளிடமிருந்து வந்தது. உச்சந்தலையிலிருந்து. காதுக்குப் பின்னாலிருந்து. அவர் மூக்கு எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறது. ஒரு தடவைகூட அவரிடம் பொய் சொன்னதில்லை.

கட்டிலின் அடியில் சத்தம் எழுந்தது.

டொக். டொக். டொக்.

ஓரம் மழுங்கியிருந்தது.

கீழே இடைவெளி. நீண்ட இடைவெளி. கவனமாகக் கேட்கிற இடைவெளி. பிறகு ஒரே ஒரு தட்டு, உறுதிப்படுத்திக்கொள்வது போல.

நகரவில்லை. அங்கேயே இருந்தது.

அவர் மகளை அப்படியே வாரித் தூக்கினார். பதினொரு வயதுப் பிள்ளை, கனத்தாள். அவளைக் கூடத்து மேசைமேல் படுக்க வைத்தார். மனைவி பதறிப்போய்ப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க? மேசையிலயா படுக்க வைப்பாங்க?"

"தரையில கால் வைக்கக் கூடாது. நான் வர்ற வரைக்கும் கால் வைக்கக் கூடாது."

"எங்க போறீங்க?"

பழம் இருந்த சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்படியில் நின்றுவிட்டார். இந்நேரம் தையல்காரம்மா வீட்டில் இருப்பார். எந்த முகத்தோடு கதவைத் தட்டுவது? "அது எடுத்துக்கிச்சு" என்று சந்தோஷப்பட்ட அந்தக் குரலிடம் என்ன சொல்வது? தன் பிள்ளை மேசைமேல் கிடக்கும்போதும் மனிதன் வெட்கத்துக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்கிறான். அவர் திரும்பி வந்தார். இரவு முழுதும் மேசைக்குப் பக்கத்தில், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் தரை தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அவர் கூடவே மெல்லிய குரலில் பிரார்த்தனையும் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியும் நேரத்தில் மேசையின் கீழே ஒரு ஓட்டில் முடி போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

*

ஞாயிறு, உச்சிப் பொழுது. வெயிலில் சந்து வெளுத்துக் கிடந்தது. ஆள் இல்லை. மஞ்சள் தொட்டிக்கு அடியில் சாவி இருந்தது. தையல்காரம்மா இன்னும் அதை அங்கேயேதான் வைத்திருந்தார்.

தையல் அறை. மெஷினைத் தனியாகத் தள்ளினார். ஓடு.

மண் வழவழவென்றிருந்தது. மெழுகினது போல. வெள்ளிக்கிழமை அவர் வாரித் தள்ளிப் போன கட்டி மண் இல்லை அது.

சாக்கைப் பிரித்தார். பழம் இப்போது முழுக்கக் கனிந்திருந்தது. அறை முழுவதும் இனிப்பு. நாளைக்கு மேசையில் வைத்திருந்தால் மேலாளர் எழுந்து நின்றிருப்பார். ஆறு வருடம். ஒரு பதிவேட்டு வரி. அவர் ஒரே ஒரு முறை பழத்தைத் தடவிக்கொடுத்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை.

இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினார். முழங்கை ஆழம். மண் குளிர்ச்சியாக இல்லை. பழத்தைக் காம்பு கீழே இருக்கும்படி பிடித்து, உள்ளே இறக்கினார்.

"தப்பு என்னோடது" என்றார். அறையில் யாரும் இல்லை. தொங்கிய சட்டைகள் மட்டும். "இது உங்களுது. தெரிஞ்சேதான் எடுத்தேன். பிள்ளைய விட்டுடுங்க. அவ கேள்விதான் கேட்டா. எடுத்தது நான்."

கைகளில் பாரம் இருந்தது.

பிறகு இல்லை.

விழவில்லை. நழுவவில்லை. சந்தையில் நாம் நீட்டும் பையை எதிரில் நிற்பவர் மெதுவாக வாங்கிக்கொள்வாரே, அது போல. கீழே இருந்து. பத்திரமாக. அவர் விரல்களில் ஒன்றுகூட நசுங்காதபடி.

இடது கையை எடுத்துவிட்டார். வலது கை வரவில்லை.

யாரும் பிடித்திருக்கவில்லை. இறுக்கவில்லை. மண்தான், மணிக்கட்டைச் சுற்றிப் பதமாக அமைந்திருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. அதன் கீழே ஏதோ ஒன்று அவர் கையைத் தாங்கியது. பிறகு மெல்லத் திருப்பியது. புறங்கை மேலே வரும்படி. மறுபக்கம் பார்ப்பதற்காக.

மெஷின் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து. இடது கையை நீட்டி எடுத்தார்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? இவ எழுந்துட்டா. பசிக்குதுங்கிறா. அந்த வாசமும் போயிடுச்சு, பழத்த எடுத்துட்டீங்களா? கேக்குதா? பேசுங்க."

மணிக்கட்டு எலும்பின் மேல், விரல் முட்டி போல ஒன்று தொட்டது.

டக்.

டக்.

டக்.

இடைவெளி.

"கேக்குது" என்றார் அவர்.

மண் அசைந்தது. பொடிப் பொடியாக அவர் விரல்களின் மேல் சரிந்தது, பிறகு புறங்கையின் மேல், மணிக்கட்டின் மேல். இன்னும் நாளாகும் காயை யாரோ பொறுமையாக மூடுவது போல. மூடி முடித்ததும், மேலே உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தது. தூங்கும் பிள்ளையைத் தட்டுவது போல.

ஒன்று. இரண்டு. மூன்று.